ஆயுத பூஜைக்குக் கொள்ளு கொடுத்தவன்

நோயாளியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அவன் பாட்டுக்கு முனகிக்கொண்டு ஒரு மூலையில் கிடப்பான். நோய் பாதி குணமானவனைக் கண்டால்தான் ஓட்டம் பிடிக்க வேண்டும். தனக்குக் கேட்ட மருந்து உலகத்துக்கே கேட்கும் என்று நம்புகிற ஆள் அவன். வழியில் நிறுத்துவான், நாக்கை நீட்டச் சொல்வான், வாயருகே நீங்கள் கொண்டுபோன போண்டாவைப் பிடுங்கிப் போடுவான். இதையெல்லாம் அனுபவத்தில்தான் சொல்கிறேன். (ஓடியவனின் அனுபவம் இல்லை. துரத்தியவனின் அனுபவம்.)

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் கொரட்டூரில் குடியிருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். (கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் இதைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் அவசரப்பட்டுத் திருத்தவில்லை.) பிரஸ் மெஷினில் அடித்து வரும் சாமான் சரியான கனத்தில் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பது என் வேலை. மயிரிழையையும் அளக்கிற கருவி அது. அதன் பிடியை இரண்டு விரல் நுனியால் பூப்போலத் திருக வேண்டும்.

முப்பத்தாறு வயதில் என் விரல்கள் அந்தத் திருகலுக்கு மறுத்துவிட்டன.

காலையில் எழுந்தால் இரண்டு கையும் சேப்பங்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். மடக்க வராது. சட்டைப் பொத்தானை என் மனைவி கோமதிதான் போட்டுவிடுவாள். முழங்கால்களோ, ஸ்டேஷன் படியைப் பார்த்ததுமே முனக ஆரம்பித்துவிடும். தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரை வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு உள்ளங்கையால் உருட்டுவேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் சப்பாத்திக்கு மாவு பிசைவது போலத் தெரியும். பார்த்து அனுப்ப வேண்டிய சாமான்கள் தொட்டி தொட்டியாகத் தேங்கின. முதலாளி என் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கை போன இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? அந்தப் பயம் சோற்றைக்கூட ருசிக்க விடவில்லை. (ஆனாலும் சாப்பிட்டேன்.)

கோமதி என்னைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தாள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்தபின் அவர் கேட்டார்.

"தினமும் என்ன சாப்பிடுவீங்க?"

நான் பெருமையாகவே சொன்னேன். காலையில் பூரி. கொஞ்ச நேரம் கழித்து டீயும் பட்டர் பன்னும். மத்தியானம் கேன்டீன் சாப்பாடு, கூடவே ஏதாவது வறுவல். சாயங்காலம் பட்டரவாக்கம் கேட் பக்கத்தில் பஜ்ஜி. ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தால் இன்னும் இரண்டு. (கேட் எப்போதும் மூடித்தான் இருக்கும்.) ராத்திரி பரோட்டா. நடுநடுவே சிகரெட்.

"நடக்கிற வழக்கம் உண்டா?"

"பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன் டாக்டர்."

"பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அடிபட்டா அந்த இடம் செவந்து வீங்கும், பார்த்திருப்பீங்க. காயத்தைச் சரி பண்ண உடம்பு மூட்டுற நெருப்பு அது. வேலை முடிஞ்சதும் அணைஞ்சிடணும். உங்களுக்கு அணையவே மாட்டேங்குது. உள்ளுக்குள்ள கனன்றுகிட்டே இருக்கு. இதைத்தான் அழற்சின்னு சொல்றது. மாத்திரை தர்றேன், நிறுத்தாம சாப்பிடுங்க. ஆனா நான் ஒரு பக்கம் தண்ணி ஊத்தி, நீங்க ஒரு பக்கம் எண்ணெய் ஊத்தினா எப்படி அணையும்?"

சர்க்கரை, மைதா, எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். சிகரெட்டை அறவே விடச் சொன்னார். கீரை, காய், பயறு நிறையச் சேர்த்து, கானாங்கெளுத்தி மாதிரி மீன் வாங்கி வறுக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். தினமும் நடக்க வேண்டும், நேரத்தோடு தூங்க வேண்டும். கடைசியாக, "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

அன்று சாயங்காலமே சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தேன்.

"ஏங்க, வீக்கம் உங்க கையிலதானே? என் காபி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள் கோமதி.

"உனக்குள்ளயும் நெருப்பு இருக்கலாம் கோமதி."

"இருக்கு. இப்பதான் மூட்டினீங்க."

(பிற்பாடு அவள் அரிசி டிரம்முக்குள் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைப் புதைத்து வைத்து, நான் குளிக்கப் போகும் நேரத்தில் காபி குடித்துவந்தது தெரியவந்தது. என் மனைவி ஏன் என்னைத் தினமும் அவ்வளவு அக்கறையாகக் குளிக்க விரட்டினாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.)

மஞ்சள் நல்லது என்று யாரோ சொன்னார்கள். குழம்பில் மஞ்சள் போதாதென்று மோரிலும் போட்டேன், வெந்நீரிலும் போட்டேன். என் வேட்டி, பல், தலையணை உறை எல்லாம் மஞ்சளாகி, எதிர் வீட்டு அம்மாள் எனக்குக் காமாலையா என்று கோமதியிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனார். கொள்ளு ரசம், கொள்ளு துவையல், கொள்ளு சுண்டல் என்று வீடே குதிரை லாயம் போல மணத்தது. விடிந்ததும் கொரட்டூர் ஏரிக்கரையில் நடப்பேன். முதலில் அங்கிருந்த நாய்கள் குரைத்தன. பிறகு கூடவே நடந்தன. கடைசியில், இவன் வேகத்துக்கு நடந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது என்று என்னை முந்திக்கொண்டு போய்விட்டன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலன் இருந்தது. மாத்திரையாலா, மீனாலா, நடையாலா, சிகரெட்டை விட்டதாலா, எல்லாம் சேர்ந்துதானா, எனக்குத் தெரியாது. சில மாதம் போனபின் ஒரு காலையில் கோமதி வழக்கம்போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பொத்தான் போட வந்தாள். மேல் பொத்தான் வரை நானே போட்டு முடித்திருந்தேன். அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். அந்த நிமிஷத்தோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அன்றே நான் மகானாகிவிட்டேன்.

தொழிற்சாலையில் என் முதல் பலி ஏகாம்பரம். பெரிய பிரஸ்ஸை ஓட்டுகிறவர். யூனியனும் அவர்தான். அவர் ஒருமுறை செருமினால் எல்லா மெஷினும் நிற்கும். டீ இடைவேளையில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏகாம்பரம், இந்த டீயில எவ்வளவு சர்க்கரை இருக்கு தெரியுமா?"

"தெர்யும் சார். கம்மியா கீது. இன்னும் போட சொல்லிக்கீறேன்."

"உடம்புக்குள்ள நெருப்பு மாதிரி..."

"சார், நீ பேசினா டீ கசக்குது சார். அப்பால போ சார், உனுக்குப் புண்ணியமா போவும்."

நான் அப்பால் போகவில்லை. தினமும் போய் உட்கார்ந்தேன். நாளடைவில் நான் வருவதைப் பார்த்தால் கேன்டீனில் வடைகள் மேஜைக்கடியில் இறங்கின. 

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்காதவர்களுக்கு அந்த நாளின் மகிமையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கலர்க் காகிதம் ஒட்டிப் புதுப்பெண்போல நிறுத்திவிடுவார்கள். பூஜையன்று தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு பொரிப் பொட்டலமும் ஒரு ஸ்வீட் பாக்ஸும். அந்தப் பெட்டிதான் முக்கியம். எந்தக் கம்பெனிப் பெட்டி பெரிது, யார் பெட்டியில் நெய் வாசனை என்று தெருவே பேசும். 

வருஷாவருஷம் பெட்டி வாங்குகிறவர் ஸ்டோர்ஸ் மேனேஜர். அந்த வருஷம் அவர் வீட்டில் ஏதோ விசேஷமென்று ஊருக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பெட்டியை நீங்க பார்த்துக்கங்க. இந்த வருஷம் எதுலயும் குறை இருக்கக் கூடாது. பூஜைக்கு மறுநாள் லீவுதான், ஆனா அவசர லோடு ஒண்ணு போகணும். எல்லாரும் வந்து அடிச்சுக் கொடுக்கறேன்னு ஏகாம்பரம் ஒத்துக்கிட்டிருக்காரு. அந்த லோடு போகலைன்னா அடுத்த ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும்."

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தார்.

"சார், இந்தத் தடவை கொஞ்சம் ஆரோக்கியமா பண்ணலாமா?" என்றேன்.

அவர் கையை ஆட்டினார். செய்யுங்கள் என்று அனுமதித்ததாக நான் எடுத்துக்கொண்டேன். (லைனில் இரைச்சல், நீ வெளியே போ என்ற அர்த்தத்தில்தான் ஆட்டியதாக அவர் பின்னால் விளக்கினார்.)

நூம்பலில் ஒரு சமையல்காரரைப் பிடித்தேன். கொள்ளு சுண்டல், முருங்கைக்கீரை அடை, வெல்லத்தைப் பேருக்குக் காட்டிய எள்ளுருண்டை, பச்சையாக ஒரு நெல்லிக்காய் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "வூட்ல பெரிய காரியமுங்களா?"

"ஆயுத பூஜைங்க."

"சாமிக்கா, மனுசனுக்கா?"

"மனுஷனுக்குத்தான்."

"அவுங்களுக்குத் தெர்யுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. நான்தான் அதை லட்சியம் செய்யவில்லை. அதோடு நின்றேனா? பழைய பெட்டியின் அழகு குறையக் கூடாதென்று, வழக்கமான அதே பளபளப்பு அட்டைப்பெட்டியில், மேலே வீணையோடு சரஸ்வதி படம் போட்டு, ஜிகினா நாடா கட்டி அடுக்கச் சொன்னேன். பாம்பை மல்லிகைக் கூடையில் வைத்துக் கொடுக்கிற காரியம் அது.

பூஜை பிரமாதமாக நடந்தது. பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது, பெரிய பிரஸ்ஸில் ஏகாம்பரம் பக்தியோடு ஒரே ஒரு தகட்டை அடித்து நிறுத்தினார். நான் பட்டு வேட்டியில் நின்று பெட்டிகளைக் கொடுத்தேன். வாங்கியவர்கள் கையில் தூக்கிப் பார்த்தே பூரித்துப் போனார்கள். கொள்ளும் அடையும் நல்ல கனம்.

"சார் கையில குட்த்தா சும்மாவா? இன்னா வெயிட்டு பாரு!" என்றார் ஏகாம்பரம், பக்கத்தில் நின்ற மனைவி கஸ்தூரியிடம். என் வாழ்க்கையில் ஒரு யூனியன் தலைவர் என்னைப் புகழ்ந்த ஒரே தருணம் அது. நீடிக்கவில்லை. கஸ்தூரி நாடாவை அவிழ்த்துவிட்டார்.

முதலில் மோந்து பார்த்தார். பிறகு விரலால் கிளறினார். பிறகு, அந்த ஷெட்டின் தகரக் கூரை வரைக்கும் கேட்கும் குரலில் கேட்டார்:

"இன்னாய்யா இது? கொள்ளு! நாம இன்னா குதுரையா?"

படபடவென்று பெட்டிகள் திறந்தன. எங்கோ பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒருவன் மிக நன்றாகக் கனைத்தான்.

ஏகாம்பரம் திறந்த பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார். "லட்டு எங்க சார்?"

"லட்டு உடம்புக்கு..."

"உடம்ப உடு. லட்டு எங்க? மைசூர்பாகு எங்க? இந்த மரத்து மேல காய்க்கிறத புட்ச்சி பொட்டில போட்டுக்கீறியே, இது இன்னா சார்?"

"நெல்லிக்காய். ரொம்ப நல்லது."

"எங்க தெருவுல இன்னிக்கி எல்லா கம்பெனி பொட்டியும் வரும் சார். எல்லாம் மாத்தி மாத்திக் குட்த்துப்பாங்க. நானு எந்த மூஞ்சிய வெச்சிகினு கொள்ள எட்துகினு போவேன்?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். மகான் அப்படிச் செய்வானா? ஒரு மரப்பலகை அடுக்கின் மேல் ஏறி நின்றேன். பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி முழங்கினேன்.

"தோழர்களே! உங்கள் எல்லாருக்குள்ளும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது!"

"ஆமா சார்," என்றார் ஏகாம்பரம். "இப்பதான் பத்திகிச்சி."

அவர் செருமினார். அத்தனை பேரும் புதுத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 

சத்தம் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். அவர் கையிலும் ஒரு பெட்டி. விஷயம் என்னவென்று பார்க்க, கையில் அகப்பட்டதை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அது நெல்லிக்காய். அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏகாம்பரம், நாளைக்கு லோடு?"

"நாளிக்கி லீவு சார். கொள்ளு துன்னுட்டு மிசின் ஓட்ட முடியாது. லாயத்துல ரெஸ்ட் எட்க்கணும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "லட்டு வாங்கிட்டு வாங்க. எங்க இருந்தாவது. எல்லாருக்கும்."

ஆயுத பூஜையன்று மத்தியானத்துக்கு மேல் அம்பத்தூரில் லட்டுத் தேடுவதும் சித்திரை மாதத்தில் கொரட்டூர் ஏரியில் திமிங்கலம் தேடுவதும் ஒன்று. எஸ்டேட்டின் அத்தனை தொழிற்சாலைகளும் காலையிலேயே கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தன. கம்பெனி டெம்போவின் டிரைவரும் பூஜை முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். ஏகாம்பரமே வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"நீங்க ஏன் ஏகாம்பரம் சிரமப்படறீங்க?"

"உன்ன தனியா உட்டா, லட்டுன்னு சொல்லி சொரக்கா வாங்கியாருவ. ஏறு சார்."

வண்டியின் இரு பக்கமும் வாழைக்கன்று ஆட, முன்னால் எலுமிச்சை மாலை தொங்க, ஏதோ சாமி ஊர்வலம் போல நாங்கள் கிளம்பினோம். அம்பத்தூரில் ஒன்றும் இல்லை. பாடியில் நாலைந்து ஜாங்கிரி இருந்தது. கடைக்காரர் தன் வீட்டுக்கு வைத்திருப்பதாகச் சொல்லி அதையும் மறைத்துக்கொண்டார். திருமுல்லைவாயிலில் ஒரு மைசூர்பாகு கிடைத்தது. ஏகாம்பரம் அதைக் கையில் வாங்கி டெம்போ கதவில் தட்டிப் பார்த்தார். கதவில் பெயின்ட் பெயர்ந்தது.

ஆவடியில் ஒரு மாடிக் கடை. படிகள் செங்குத்து. நான் மேலே ஓடிப் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தேன். ஏகாம்பரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், போன வருசம் நம்ம ஆபீஸ் படி ரெண்ட ஏற முடியாம கம்பிய புட்சிகினு நின்ன."

"ஆமா."

"இப்ப மாடி ஏறி எறங்கிட்ட."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஏகாம்பரம் டெம்போவைப் பூந்தமல்லிச் சாலையில் திருப்பினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, என்னிடம் கேட்காததுபோலக் கேட்டார்.

"எனுக்கும் முட்டி வீங்கிக்கினு கீது சார். மிசின் முன்னால நின்னு நின்னு. காலைல எய்ந்தா கால நீட்ட முடியல. ஊட்ல சொல்லல. அந்த வீக்கத்துக்கு நீ இன்னாதான் துன்ற?"

எத்தனை மாதமாக நான் ஏங்கிக் காத்திருந்த கேள்வி! வாயைத் திறந்தேன். என் மடியில் திருமுல்லைவாயில் மைசூர்பாகு கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்கு வந்ததும் உங்களுக்கு வந்ததும் ஒண்ணான்னு எனக்குத் தெரியாது ஏகாம்பரம். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். அவங்க சொல்லட்டும்."

"மெய்யாலுமா? கொள்ளு துன்ன சொல்ல மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

பூந்தமல்லியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. யாரோ சொல்லி வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வராத லட்டுகள், தட்டுத் தட்டாக, கடவுள் எங்களுக்காகவே அடுக்கிவைத்தது போல இருந்தன. ஏகாம்பரம் கைகூப்பினார். கடைக்காரர், "நேத்து புடிச்சது. நல்லா இருக்கான்னு நீங்களே ஒண்ணு சாப்ட்டுப் பாத்து எடுத்துக்கங்க" என்றார்.

"துன்னு சார்," என்றார் ஏகாம்பரம். "நீதான இன்ஸ்பெக்டரு."

நான் தயங்கினேன். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. என் பங்குக் கொள்ளைக் கூட நான் தொடவில்லை. பல மாதங்களாக ஒரு சிட்டிகை சர்க்கரை நாக்கில் படவில்லை. ஆனால் இதற்கு மேல் ஒரு தவறு நடந்தால் என் வேலை போய்விடும். ஆகவே கடமை உணர்வோடு ஒரு லட்டை எடுத்துக் கடித்தேன்.

நெய். முந்திரி. ஏலக்காய். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துத் தொட்டி சாமான் வந்தால், ஒரு தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டான். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒன்று எடுத்துப் பார்ப்பதுதான் முறை. நான் முறையை மீறவில்லை. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்று எடுத்தேன். சந்தேகம் இருந்த தட்டில் மறுபடியும் எடுத்தேன். 

ஏகாம்பரம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, அவர் கண்கள் விரிந்தன. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் சார். எல்லாம் பாஸு. ஆளுங்களுக்கு மிச்சம் வை சார்."

நாங்கள் திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். என்ன கலவரமோ என்று பயந்துகொண்டே உள்ளே போனால், ஷெட் முழுக்கக் காலிப் பெட்டிகள். பசி தாங்காமல் பொரியோடு கலந்து கொள்ளையும், அடையையும், எள்ளுருண்டையையும், கடைசி நெல்லிக்காய் வரை தீர்த்திருந்தார்கள். கஸ்தூரி வாயைத் துடைத்துக்கொண்டு, "அட மட்டும் சுமாரா இருந்திச்சி" என்று ஒரு சான்றிதழ் வழங்கினார்.

லட்டுத் தட்டுகள் இறங்கியதும் கைதட்டல் கேட்டது. நான் மெல்லத் தலை நிமிர்ந்த நேரம் பார்த்து, அதே மரப்பலகை அடுக்கின் மேல் ஏகாம்பரம் ஏறினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நமக்குக் கொள்ளு குட்த்த சார், பூந்தமல்லில குந்திகினு அஞ்சு லட்டு துன்னாரு!"

அதற்கு எழுந்த சிரிப்பில் எங்கள் பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் ஒருவர் விடாமல் வந்தார்கள். (கொள்ளின் மகிமையால் அன்று பிரஸ் ஷாப்பில், பிரஸ் சத்தத்தையும் மீறி வேறு சில சத்தங்கள் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.) சாயங்காலத்துக்குள் லோடு கிளம்பியது. அடுத்த ஆர்டரும் எங்களுக்கே வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஏகாம்பரத்தையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். லட்டு விவகாரத்தை நான் சொல்வதற்குள் ஏகாம்பரமே சொல்லிவிட்டார். டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒரு நாள் லட்டுல ஒண்ணும் குடி முழுகிடாது. வருஷம் முழுக்க எப்படி இருக்கீங்கங்கறதுதான் முக்கியம். நான் கொஞ்சம் கொஞ்சமான்னு சொன்னது ஞாபகம் இருக்கா? இனிமே நீங்க சாப்பாட்டை மட்டும் மாத்துங்க. அடுத்தவங்களை மாத்த வேண்டாம்."

ஏகாம்பரத்துக்கு வேறு மாதிரி கோளாறு, வேறு மாத்திரை. ஆனால் நடையும் கீரையும் அவருக்கும் உண்டு என்று டாக்டரம்மா சொன்னதும், அவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! பிறகு அவரும் ஏரிக்கரைக்கு வர ஆரம்பித்தார். டீயில் சர்க்கரையைக் குறைத்தார். நானும் இறங்கி வந்தேன். கோமதியின் சர்க்கரை, அரிசி டிரம்மை விட்டு அலமாரிக்குத் திரும்பியது. தீபாவளிக்குப் பலகாரம் தின்கிறேன். மற்ற நாட்களில் அளவோடு இருக்கிறேன். மழைக்காலத்தில் விரல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஓய்வு பெறும் நாள் வரை மைக்ரோமீட்டரை விரல் நுனியால்தான் திருகினேன்.

எல்லாம் சரிதான். அந்த லட்டுக் கணக்குதான் இன்னும் தீரவில்லை.

அன்று மேடையில் ஐந்து என்ற ஏகாம்பரம், அடுத்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கோமதியிடம் ஒன்பது என்றார். முதலாளி தன் வீட்டில் ஒரு டஜன் என்று சொல்லியிருக்கிறார். பின்னால் கல்லூரிக்குப் போன என் மகள், தோழிகளிடம் ஒரு தட்டு என்றாள். என் உடம்பில் இருந்த வீக்கத்தையெல்லாம் குறைத்துவிட்ட டாக்டரம்மாவிடமும் இந்த வீக்கத்துக்கு மருந்து இல்லை.

மகள் கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. புது மாப்பிள்ளை பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, ஏகாம்பரம் லட்டுப் பாத்திரத்தோடு வந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. முழங்காலை மடக்கிக் குனிந்து, என் இலையில் ஒன்றே ஒன்று வைத்தார்.

"மாப்ள, ஒங்க மாமனாரு பூந்தமல்லில ஒரு நாளு இன்னா பண்ணாரு தெர்யுமா?"

மாப்பிள்ளை பணிவாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும்ங்க. நிச்சயதார்த்தத்தன்னிக்கே அத்தை சொல்லிட்டாங்க. மொத்தம் இருபத்தி ரெண்டாமே?"

நான் பதறிப் போய்க் கோமதியைத் தேடினேன். அவள் எதிர்ப் பந்தியில் சம்பந்தியம்மாளின் இலைக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையையும் அகல விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அது என்ன அளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு தட்டின் அளவு இல்லை. டெம்போவின் அளவு.